இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

ரூட்டரில் இரண்டாவதாக ஒரு இணைப்பைச் செருகிவிட்டால் இனி நெட் போகவே போகாது என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டு வேன் போர்ட் (வெளி இணைப்பைச் செருகும் வாய்) உள்ள ரூட்டரைக் கடையில் விற்பதும் அந்த நம்பிக்கையை வைத்துத்தான். என் கருத்து வேறு. மாற்று இணைப்பு ஆபத்துக்கு உதவுமா என்பது இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. முதல் இணைப்பைக் கொல்லும் காரணம் இரண்டாவதையும் சேர்த்துக் கொல்லுமா? முதல் இணைப்பு செத்துவிட்டது என்று ரூட்டருக்கு யார் சொல்வது? இந்த இரண்டையும் யோசிக்காமல் வாங்கிய பேக்கப்புக்கு மாதாமாதம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வேண்டிய நாளில் அது எழுந்து வராது. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மகாராஜபுரம். பெருநகரத்தில் நாலு நிறுவனத்தின் ஃபைபர் நாலு தெரு வழியாக வரும், அங்கே இந்தக் கேள்விகளின் கூர்மை தெரியாது. மலையடிவாரத்து ஊரில் பளிச்சென்று தெரியும்.

மகாராஜபுரம் விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மேற்கே காடு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே மலைத்தொடர். அந்தப் பக்கத்திலிருந்து எந்த வயரும் வராது, டவரும் நிற்காது. ஆகவே வெளியுலகத்தோடு உள்ள தொடர்பெல்லாம் கிழக்கே, சமவெளிப் பக்கமிருந்துதான் வந்தாக வேண்டும். இப்படி ஒரு பக்கம் மலை அடைத்த ஊர்களுக்கு ரோடும் கரண்டும் ஃபைபரும் பெரும்பாலும் ஒரே தடத்தில் வருகின்றன. ரோட்டோரம் மின்கம்பம், அந்தக் கம்பத்திலேயே கேபிள்காரரின் ஃபைபர். அரசுத் திட்டத்தின் ஃபைபரும் அப்படித்தான். 2011இல் தேசிய கண்ணாடியிழை வலைப்பின்னலாகத் தொடங்கி 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது அதன் இலக்கு. அதன் இழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகாமல் மின்வாரியத்தின் கம்பங்கள் மேலேயே இழுக்கப்படுகிறது. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும் என்பதால் அந்த முடிவில் நியாயம் உண்டு. ஆனால் கம்பம் சாய்ந்தால் கரண்டும் ஃபைபரும் ஒன்றாகச் சாயும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அங்கே கரண்ட் போனது ஒரு பேரிழப்பு, செல்போன் டவர்கள் பேட்டரி தீர்ந்து ஊமையானது அதன் தொடர்ச்சி. ஒன்று விழுந்ததால் மற்றது விழுந்தது. தனித்தனியாக நிற்பதுபோலத் தெரிந்தவை தனித்தனி இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மண்ணுக்குள் போட்டால் மட்டும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. ரோடு வேலை, குடிநீர்க் குழாய் வேலை என்று எங்கே ஜேசிபி இறங்கினாலும் ஃபைபர் அறுபடும் வாய்ப்பு உண்டு. இதைத் தடுக்கத்தான் 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டுவதற்கு முன் அந்த இடத்தில் யாருடைய கேபிள், யாருடைய குழாய் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் வசதி. திட்டமில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று அப்போது அரசே சொன்னது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலைப் பணியைக் கண்ட நம் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. கிழக்கே எங்கோ ஒரு வாளி மண்ணை அள்ளும்போது மேற்கே அடிவாரத்தில் ஒரு வீட்டின் மோடத்தில் சிவப்பு லைட் எரியலாம்.

வேறு வேறு பெயரில் இரண்டு பில் வருவதால் இரண்டு பாதை இருப்பதாக எண்ணிக்கொள்வது எவ்வளவு பெரிய மயக்கம் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 2022 ஜூலை 8 அதிகாலை. அந்த நிறுவனத்தின் மையப் பின்னலில் மேம்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. வழித்தடத் தகவல்களை வடிகட்டும் ஒரு அமைப்பை ஒரு ரூட்டரிலிருந்து நீக்கினார்கள். அளவுக்கு மீறிய வழித்தடத் தகவல்கள் மையத்தில் இருந்த ரூட்டர்கள் மேல் கொட்டின, அவை நிலைகுலைந்தன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இணைப்பு ஏறக்குறைய 26 மணி நேரம் போயிற்று. தமிழர் பெருமளவில் வாழும் டொரன்டோ பகுதியும் அதில் அடக்கம். வீட்டு இணைப்பும் மொபைலும் ஒரே மையத்தில் ஓடியதால் இரண்டும் சேர்ந்து விழுந்தன. வீட்டில் ரோஜர்ஸ், கைபேசியில் ரோஜர்ஸ் என்று வைத்திருந்தவருக்கு மாற்று வழி என்று எதுவும் மிஞ்சவில்லை. நாடு முழுவதும் டெபிட் கார்டுப் பணப் பரிமாற்றம் நடத்தும் இன்டராக் அமைப்பு நின்றது, 911 அவசர அழைப்புகள் பலருக்குக் கிடைக்கவில்லை. இதைவிட வேதனையானது ஒன்று உண்டு: பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்கள் ரூட்டர்களை எட்டுவதற்கு வைத்திருந்த நிர்வாகப் பாதையும் அதே மையத்தை நம்பியிருந்தது. ஊழியர்களின் கைபேசிகளும் அப்படியே. ஒரே ஊற்றை நம்பித் தோண்டிய இரண்டு கிணறு கோடையில் ஒரே நாளில் வற்றும். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது, ஒரு வீட்டுக்கோ கடைக்கோ எளிதில் நேரும்.

ஆகவே மகாராஜபுரத்தில் ஒருவர் மாற்று இணைப்புத் தேடும்போது முதல் வேலை ரூட்டரைத் திறப்பதில் இல்லை, கேபிள்காரரிடம் பேசுவதில் இருக்கிறது. 'என் வீட்டுக்கு வரும் ஃபைபர் எந்த வழியாக வருகிறது? உங்கள் ஓஎல்டி எங்கே இருக்கிறது? அதற்கு மேலே யாரிடமிருந்து எடுக்கிறீர்கள்?' ஓஎல்டி என்பது பல வீடுகளின் இழைகள் போய்ச் சேரும் தலைப்பெட்டி. நம் ஊர்ப் பக்கத்தில் உள்ளூர் கேபிள்காரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு முகவராக இருப்பதுண்டு. அப்படியானால் இரண்டு நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஃபைபர் எடுத்தாலும் இரண்டும் ஒரே கம்ப வரிசையில் வந்து ஒரே அறையில் முடியும். என் முடிவு இது: முதல் இணைப்பு ஃபைபர் என்றால் இரண்டாவது காற்றில் வருவதாக இருக்கட்டும், அதுவும் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ஜியோ ஃபைபரும் ஜியோ சிம்மும் ஒரு ஜோடி ஆகாது. பிஎஸ்என்எல் ஃபைபருக்கு ஏர்டெல் அல்லது ஜியோ சிம், ஏர்டெல் ஃபைபருக்கு பிஎஸ்என்எல் அல்லது ஜியோ என்று மாற்றிச் சேர்க்க வேண்டும். டவருக்குப் போகும் ஃபைபரும் அதே கம்பத்தில் போகலாமே என்று கேட்டால், போகலாம்தான். அதை முழுதாகத் தவிர்க்க நம்மால் முடியாது. ஆனால் இரண்டு டவர் எட்டும் தூரத்தில் இருந்தால், எது வேறு திசையில் நிற்கிறதோ அதன் சிம்மைத் தேர்ந்தெடுக்கலாம்.

காற்று வழி இணைப்புக்கு இந்த ஊரில் இன்னொரு பலவீனம் உண்டு. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் கூட்டம் அமாவாசை, பௌர்ணமிதோறும் இந்தப் பக்கம் வருகிறது. ஆடி அமாவாசைக்கு வருவோர் லட்சக்கணக்கில். டவரின் கொள்ளளவு எல்லோருக்கும் பொது. கூட்டம் நிற்கும் பகுதியில் கைபேசியில் நாலு கோடு காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. அந்த நாளில் ஃபைபர் அறுந்தால் 4ஜி பேக்கப்பை நம்பி இணையவழி வகுப்போ அலுவலகக் கூட்டமோ நடத்த இயலாது. இதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுப்பது நல்லது. 4ஜி ரூட்டரை வைக்கும் இடமும் முக்கியம். டவர்கள் கிழக்கே என்பதால் கிழக்குப் பக்க ஜன்னலோ மொட்டைமாடி அறையோ பொருத்தம். 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் வரும், சுவரைத் தாண்டும், வேகம் சுமார்தான். 2300 போன்ற உயர்ந்தது டவருக்கு அருகில் இருந்தால் வேகம் தரும், இடையில் தோப்பு இருந்தாலே சோர்ந்துவிடும். பேக்கப்புக்கு நிலையாக நிற்பதுதான் வேண்டும், ஆகவே ரூட்டரில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் தாழ்ந்ததிலேயே பூட்டி வைப்பேன்.

இப்போது ரூட்டருக்குள் போகலாம். முதல் வேன் போர்ட்டில் ஃபைபர் மோடத்திலிருந்து வரும் வயர். இதை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று, நிறுவனம் கொடுத்த மோடமே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்நுழைந்து, நம் ரூட்டருக்குத் தானாக ஒரு முகவரி கொடுப்பது. மற்றொன்று, மோடத்தை பிரிட்ஜ் நிலையில் வைத்து, நம் ரூட்டரே பிபிபிஓஇ முறையில் உள்நுழைவது. இரண்டாவது முறைக்குப் பயனர் பெயர், பாஸ்வேர்டு, சில இடங்களில் விலேன் எண் ஆகிய மூன்றும் தேவை. இவற்றை இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ரூட்டர் ரீசெட் ஆன இரவில் கேட்டால் கிடைக்காது. பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் இடத்தை எடுத்துக்கொள்வதால், பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியு 1500க்குப் பதில் 1492 என்று இருக்க வேண்டும். இதைத் தவறாக விட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும், வயரில் கோளாறு என்று லைன்மேனை வரவழைத்து வீணாக அலைக்கழிப்போம். இரண்டாவது போர்ட்டில் 4ஜி ரூட்டரிலிருந்து வயர், அல்லது யுஎஸ்பி வாயில் டாங்கிள். டாங்கிள் என்றால் ஏபிஎன் பெயர் கேட்கும்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசையைத் தராமல் பார்த்துக்கொள்ளவும். மோடமும் 192.168.1.1, நம் ரூட்டரும் 192.168.1.1 என்று இருந்தால் போகும் திசை தெரியாமல் ரூட்டர் திணறும். நம் ரூட்டரை 192.168.50.1 போல வேறொன்றுக்கு மாற்றினால் முடிந்தது.

இதுவரை சொன்னதைக் கடைக்காரரோ கேபிள்காரரோ செய்து தந்துவிடுவார்கள். அவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவது அடுத்தது, என் வாதத்தின் மையமும் அதுதான். முதல் இணைப்பு செத்துவிட்டது என்று ரூட்டர் எதை வைத்து முடிவு செய்கிறது? பல ரூட்டர்கள் வந்த நிலையிலேயே விட்டால் வயரில் மின்சாரத் தொடர்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ரூட்டரிலிருந்து ஒரு முழ தூரத்தில் மோடம் உயிரோடு இருக்கிறது, வயர் சரியாக இருக்கிறது, பச்சை லைட் எரிகிறது. கிழக்கே எங்கோ ஃபைபர் அறுந்து கிடந்தாலும் ரூட்டரின் கண்ணுக்கு எல்லாம் நலம். இன்னும் கொஞ்சம் அறிவுள்ள ரூட்டர், வெளியே போகும் வழியில் தனக்கு அடுத்து இருக்கும் கேட்வேயைக் கூப்பிட்டுப் பார்க்கும். மோடமே உள்நுழையும் முதல் முறையில் அந்த கேட்வே யார்? அதே மோடம்தான். மேஜை மேல் இருக்கும் பெட்டி 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ரூட்டர் நம்பும். பேக்கப் சிம் ரீசார்ஜோடு காத்திருக்கும், வீடு நெட் இல்லாமல் கிடக்கும். பிரிட்ஜ் முறையில் நிலைமை கொஞ்சம் மேல். ஃபைபர் அறுந்தால் பிபிபிஓஇ தொடர்பே அறுந்துவிடும், ரூட்டருக்குச் சீக்கிரம் தெரியவரும். ஆனாலும் நிறுவனத்தின் சர்வருக்கு அப்பால் பழுது என்றால் உள்நுழைவு அப்படியே நிற்கும், வெளியுலகம் மட்டும் இருக்காது. ரோஜர்ஸ் நாளைப் போல மையம் விழுந்தால் கடைசித் தெருவின் வயரைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது.

ஆகவே சோதிக்க வேண்டியது தூரத்து முகவரியை. 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 போன்ற பொது டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருபவை) இதற்கு வசதி. ஒன்றை மட்டும் வைத்தால் அந்த ஒன்றின் கோளாறு நம் கோளாறாகத் தெரியும். இரண்டு வேறு நிறுவனங்களின் முகவரிகளை வைத்து, இரண்டும் பதில் தராதபோது மட்டும் மாறு என்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனை எந்த இணைப்பைப் பற்றியதோ அந்த இணைப்பின் வழியாகவே போக வேண்டும் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். டிபி-லிங்க்கின் ஈஆர்605 போன்ற ரூட்டர்களில் ஒவ்வொரு வேனுக்கும் தனித்தனியாக ஆன்லைன் கண்டறிதல் என்று ஒரு பக்கம் உண்டு. மைக்ரோடிக்கில் இதையே வழித்தட விதிகளாக எழுத வேண்டும். ரூட்டரில் ஓபன்டபிள்யுஆர்டி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு எம்வேன்3 இருக்கிறது. பெயர் எதுவானாலும் கேட்கும் கேள்விகள் இவைதாம்: யாரைக் கூப்பிடுவது, எத்தனை நொடிக்கு ஒரு முறை, எத்தனை முறை பதில் இல்லையென்றால் செத்ததாகக் கொள்வது, எத்தனை முறை பதில் வந்தால் பிழைத்ததாகக் கொள்வது. வீட்டுக்கும் கடைக்கும் 5 நொடிக்கு ஒரு முறை கூப்பிட்டு, தொடர்ந்து 4 முறை பதில் இல்லையென்றால் மாறுவது போதும். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

திரும்பி வருவதில் அவசரமே கூடாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்பு முழுதாகச் சாவது குறைவு. கனெக்டரில் ஈரம் இறங்கி, இழை வளைந்து, வந்து வந்து போவதுதான் அதிகம். மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் உள்ளே வரும் ஒளியின் பலம் டிபிஎம் கணக்கில் தெரியும். வழக்கமான மோடங்களுக்கு −27தான் விளிம்பு. அந்த விளிம்பில் தத்தளிக்கும் இணைப்பு நிமிடத்துக்கு ஒரு முறை பிழைத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாகும். ரூட்டரும் அதோடு ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வீடியோ அழைப்பு அறும், அலுவலக விபிஎன் விழும், வங்கிப் பக்கம் வெளியே தள்ளும். ஏனென்றால் இணைப்பு மாறும்போது வெளியுலகத்துக்கு நம் முகவரியே மாறிவிடுகிறது. பழைய முகவரியில் நடந்த உரையாடல்கள் புதியதில் தொடராது. தெளிவாகச் செத்த இணைப்பைவிட இப்படி ஊசலாடும் இணைப்பு அதிகத் தொல்லை தரும். அதனால் முதல் இணைப்பு பிழைத்து இரண்டு, மூன்று நிமிடமாவது நிலையாக நின்ற பிறகே திரும்பும்படி அமைக்க வேண்டும். ரூட்டரில் அந்த வசதி இல்லாவிட்டால், தானாகத் திரும்புவதை நிறுத்திவிட்டுக் கையால் திருப்புவதே மேல்.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது டிஎன்எஸ். ரூட்டர் முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரையே பிடித்துக்கொண்டிருந்தால் இணைப்பு மாறிய பிறகும் பெயர்கள் தேடப்படாது, ஏனெனில் பல நிறுவனங்களின் சர்வர்கள் தம் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் தரும். இரண்டு இணைப்புக்கும் பொதுவான சர்வரைக் கையால் எழுதிவிடுவது இதற்குத் தீர்வு. இரண்டாவது ஐபிவி6. முதல் நிறுவனம் கொடுத்த ஐபிவி6 முகவரியை வீட்டுக் கைபேசிகள் வைத்துக்கொண்டு, அந்த இணைப்பு செத்த பிறகும் அந்த வழியிலேயே முட்டிக்கொண்டிருக்கும். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றுக்கு இதைக் கையாளத் தெரியாது. அப்படிப்பட்ட ரூட்டரில் வீட்டுப் பக்கம் ஐபிவி6ஐ நிறுத்தி வைப்பதே நடைமுறை. நல்ல தொழில்நுட்பத்தை அணைத்து வைக்கச் சொல்வதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் இன்றைய நிலையில் வேறு வழி இல்லை.

இரண்டு இணைப்புக்கும் பணம் கட்டும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டி இரட்டை வேகம் பெறலாமே என்பார்கள். லோடு பேலன்ஸ் என்ற அந்த வசதி ரூட்டரில் இருப்பது உண்மை. ஆனால் அது ஒவ்வொரு தொடர்பையும் ஏதோ ஒரு இணைப்பில் ஏற்றிவிடும். ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது அது ஒரே இணைப்பில்தான் இறங்கும், வேகம் கூடாது. ஒரே தளத்துக்கான தொடர்புகள் இரண்டு முகவரியிலிருந்து போவதால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் சந்தேகப்பட்டு வெளியேற்றும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பாதி நிரம்பிய நிலையில் வெளியே தள்ளினால் வரிசையில் நிற்பவருக்கு அது ஒரு நாள் கூலி. ஒரு லாரி நிறையக் கணினிகள் உள்ள கல்லூரிக்கோ ராஜபாளையத்து ஆலை அலுவலகத்துக்கோ லோடு பேலன்ஸ் பயன்படும், பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருப்பார். வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஒன்று ஓட, மற்றது காத்திருப்பதே சரி. காத்திருக்கும் சிம்மின் டேட்டா அளவும் நினைவில் இருக்கட்டும். நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் பேக்கில் கேமரா பதிவு மேகத்துக்கு ஏறுவதும் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தின்றுவிடும். பேக்கப் ஓடும்போது இவற்றுக்கு வழி மறிக்கும் விதி ஒன்றை ரூட்டரில் எழுதி வைக்க வேண்டும். கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள், அந்த நேரத்தில் அது எட்டாமல் போகலாம் என்றும் எதிர்பார்க்க வேண்டும். மொபைல் நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடுவதால் வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழி இல்லை.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் முழுமையாகாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்று முன்பே அறிவிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு இரண்டு இணைப்பு, விலை உயர்ந்த ரூட்டர், ஒழுங்கான அமைப்பு எல்லாம் இருந்தும் மூன்று பெட்டிகளும் அணைந்து கிடந்தால் என்ன பயன்? இங்கே ஃபைபருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வீட்டு ஃபைபருக்குப் பயன்படும் ஜிபான் முறையில் ஓஎல்டிக்கும் வீட்டுக்கும் இடையே, அது 20 கிலோமீட்டர் ஆனாலும், கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. நடுவில் இருப்பது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடித் துண்டு மட்டும். கேபிள்காரரின் அறையில் யுபிஎஸ்ஸும் நம் வீட்டில் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸும் இருந்தால் ஊரே இருட்டாக இருந்தாலும் ஃபைபர் ஓடும். எனக்கு முழுப் பட்டியலில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டாவது இணைப்புக்கு முன்னால் அந்த மினி யுபிஎஸ்ஸை வாங்கச் சொல்வேன். கேபிள்காரரின் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

கைபேசி ஹாட்ஸ்பாட் போதாதா, இவ்வளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு: பலருக்கும் போதும். ஒரு லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கு, மாலையில் படம் பார்க்கும் வீட்டுக்கு, அது தாராளம். டீக்கடைக்கு அதுவும் வேண்டாம். யுபிஐ பணம் வாடிக்கையாளரின் கைபேசி வழியாக வருகிறது, தொகையைச் சொல்லும் ஸ்பீக்கரில் தனி சிம் இருக்கிறது. ஆனால் கைபேசிக்காரர் வெளியே போனால் ஹாட்ஸ்பாட்டும் கூடப் போகும். பிரின்டர், பில் இயந்திரம், கேமரா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றி இணைக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் யார் மாற்றுவது? இ-சேவை மையம், பால் சொசைட்டி, மருந்துக்கடை, மருத்துவர் வீடு, தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீடு, பெங்களூர் கம்பெனிக்கு ஊரிலிருந்தே வேலை செய்யும் இளைஞர் ஆகியோருக்குத் தானாக மாறுவது தேவை. ஊரில் இருந்தபடியே பிழைக்க ஒருவர் முடிவெடுத்தால் அந்த முடிவைக் காப்பாற்றும் பொருள்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் இந்த அமைப்பை இவ்வளவு அக்கறையோடு பேசுகிறேன்.

பழுதில்லாமல் சேவை தருவது நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு வாடிக்கையாளர் ஏன் இரட்டைச் செலவு செய்ய வேண்டும் என்ற கோபம் நியாயமானது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளில், சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடகைக் கழிவோ கூடுதல் நாளோ தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு மாவட்ட அளவில். ஒரு ஊருக்கு வரும் ஒரு இழை அறுந்தது அந்தக் கணக்கில் ஏறாது. நிறுவனத்தைக் கேள்வி கேட்பதை விடக் கூடாது, ஊராட்சி அலுவலகத்துக்கு வந்திருக்கும் அரசு ஃபைபருக்கு இரண்டாவது பாதை கேட்பதையும் கிராம சபையில் எழுப்பலாம். அது நடக்கும்வரை நம் மேஜை மேல் உள்ள பெட்டி நம் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அமைத்து முடித்தபின் ரூட்டரிலிருந்து வேன் வயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு 'மாறிவிட்டது' என்று திருப்தி அடையாதீர்கள். எந்த மட்டமான அமைப்பும் அதில் தேறிவிடும். மோடத்தையும் வயரையும் அப்படியே விட்டு, மோடத்தில் செருகியிருக்கும் பச்சை முனை ஃபைபரை மெதுவாகக் கழற்றுங்கள். அதன் நுனியைத் தொட வேண்டாம், அதற்குள் பார்க்கவும் வேண்டாம். மோடத்தில் சிவப்பு லைட் எரியும், ரூட்டருக்குப் போகும் வயரில் பச்சை லைட் அப்படியே இருக்கும். அந்த நிலையில் அரை நிமிடத்துக்குள் வீட்டுக் கணினியில் ஒரு பக்கம் திறந்தால் உங்கள் மாற்று இணைப்பு உண்மையானது. திறக்கவில்லையென்றால் ஆன்லைன் கண்டறிதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். இந்தச் சோதனையை ஐப்பசி பிறக்கும் முன் ஒரு முறை செய்துவிடுங்கள், பேக்கப் சிம்மின் ரீசார்ஜ் தேதியையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.